தாராவிக்காரனுக்கு உலகம் எதற்கு?

"சங்கத்துப் பத்திரிகையில் ரேஷன் கார்டு பற்றி எழுதுங்கள், பள்ளிக்கூடச் சேர்க்கை பற்றி எழுதுங்கள். அமெரிக்காக்காரன் கதையும், இலக்கியமும், பாட்டும் நமக்கெதற்கு?" என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்து காலை நீட்டுகிறவன் தலையில் உலக அரசியலையும் ஏற்றலாமா என்பது அவர்கள் வாதம். இதற்குப் பதில் சொல்லாமல் விட்டால் நாளைக்குப் பத்திரிகையே எதற்கு என்பார்கள். ஆகவே சொல்கிறேன்.

அண்ணாச்சிமார்களே! உலகத்தை நாம் வேண்டாம் என்று சொல்லலாம். உலகம் நம்மை விட்டதா? நாம் படுத்து எழுகிற பத்தடி அறையையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் தாராவி சீரமைப்பு ஏலத்தில் அதிக விலை கேட்டது துபாய்க் கம்பெனி. கேட்ட தொகை 7,200 கோடி. அந்த ஏலம் ரத்தாயிற்று. 2022-ல் மறு ஏலம். 5,069 கோடிக்கு அதானி குழுமம் எடுத்தது. 2000 சனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குக் காகிதம் வைத்திருப்பவனுக்குத் தாராவிக்குள் வீடு. பிந்தி வந்தவனுக்கும் மாடியில் இருப்பவனுக்கும் வெளியே என்பது திட்டம். நம் அடுப்புக்கு மேலே இத்தனை கோடி பறக்கிறது. அண்ணாந்து பார்ப்பதுகூடக் குற்றமா?

பார்க்காமல் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பரேல் பக்கம் போய் வாருங்கள். 1982 சனவரியில் இரண்டரை லட்சம் பஞ்சாலைத் தொழிலாளிகள் தத்தா சாமந்த் தலைமையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஆலைகள் அதற்குப் பிறகு நிமிரவில்லை. ஆலை நிலத்தைப் புதிதாகக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு பொதுவெளிக்கு, ஒரு பங்கு எளியவர் வீட்டுக்கு, ஒரு பங்கு முதலாளிக்கு என்று 1991-ல் விதி வந்தது. நல்ல விதிதான். 2001-ல் அதில் ஒரு திருத்தம் செய்தார்கள்: கட்டடமில்லாத வெற்றிடத்தை மட்டும் பங்கு போட்டால் போதும் என்று! 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. சங்கு ஊதிய இடத்தில் இன்று கண்ணாடி மாளிகைக் கடைகள் நிற்கின்றன. ஒற்றை வரித் திருத்தம், ஒரு தொழிலாளர் வட்டாரத்தின் தலையெழுத்தை மாற்றிவிட்டது. வரியைப் படிக்கத் தெரிந்தவன் அரசியலைப் படித்தே ஆகவேண்டும்.

நான் ரயில்வேயில் குமாஸ்தா. 1973-ல் அரபு நாட்டு யுத்தம். எண்ணெய் விலை நான்கு மடங்காயிற்று. ஏற்கனவே பஞ்சத்தில் ஏறியிருந்த விலைவாசி இன்னும் ஏறியது. 1974 மே மாதம் பதினேழு லட்சம் ரயில்வே தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். இருபது நாளில் அதை நசுக்கினார்கள். அன்று கேட்ட போனஸ் 1979-ல் வந்தது. எங்கள் வீட்டில் தீபாவளிக்குத் துணி எடுக்கிற பணத்துக்குள் அந்த யுத்தமும் இருக்கிறது, அன்று சிறைக்குப் போனவர்களின் பட்டினியும் இருக்கிறது.

இலக்கியம் எதற்கு என்கிறீர்கள். 1966-ல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரில் கறுப்பின இளைஞர்கள் கருஞ்சிறுத்தைகள் என்று கட்சி கண்டார்கள். அந்தச் செய்தி பம்பாய்க்கு வந்தது. டாக்சி ஓட்டிப் பிழைத்த கவிஞர் நாம்தேவ் தசாலும் அவருடைய தோழர்களும் 1972-ல் தலித் பாந்தர் இயக்கத்தைத் தொடங்கினார்கள். தசாலின் 'கோல்பிட்டா' கவிதை நூல் வந்ததும் அதே ஆண்டுதான். 1980-களில் அந்தப் பெயர் மதுரைக்குப் போயிற்று. அங்கிருந்து வளர்ந்ததுதான் விடுதலைச் சிறுத்தைகள். ஓக்லாந்து எங்கே, மதுரை எங்கே? நடுவிலே இருந்தது நம் பம்பாயின் சந்து! 'அமெரிக்காக்காரன் கதை நமக்கெதற்கு' என்று அன்று அந்த இளைஞர்கள் பத்திரிகையை மடித்து வைத்திருந்தால்?

பாட்டுக்கு வருவோம். மாட்டுங்கா பக்கம் சண்முகானந்தா அரங்கு இருக்கிறது. தாராவியிலிருந்து நடந்தே போகலாம். நம்மில் எத்தனை பேர் உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறோம்? நம் பறையைச் சாவு மேளம் என்று ஒதுக்கிய அதே காது, இன்று நம் பிள்ளைகள் ராப் பாடினால் கூச்சல் என்கிறது. நம்மவரும் சேர்ந்து சொல்கிறார்களே, அதுதான் வேதனை. அந்தப் பாட்டு 1970-களில் நியூயார்க்கின் பிராங்ஸ் சேரியில், வேலையில்லாத ஏழைப் பிள்ளைகளிடம் பிறந்தது. தாராவியின் 'டோப்படெலிக்ஸ்' பிள்ளைகள் அதைத் தமிழில் பாடினார்கள். 2018-ல் 'காலா' படத்திலும் பாடினார்கள். சேரியின் குரல் சேரிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. காதைப் பொத்தாதீர்கள்.

இன்னொன்று. கசக்கும், ஆனாலும் சொல்லவேண்டும். 1966-ல் சிவசேனை தொடங்கிய பிறகு லுங்கிக்காரன் என்று நம்மை விரட்டினார்கள். 2008 அக்டோபரில் ரயில்வே தேர்வெழுத வந்த வடநாட்டுப் பிள்ளைகளை நவநிர்மாண் சேனைக்காரர்கள் அடித்து ஓட்டினார்கள். அப்போது "நம்மை விட்டார்களே" என்று நிம்மதி அடைந்தவர்களும், "பீகாரிக்கு வேண்டியதுதான்" என்று சிரித்தவர்களும் நம்மவரிலே இருந்தார்கள். தடி அதே தடி, முதுகுதான் மாறியது. உலகைப் பார்க்காதவனுக்கு இந்தத் தடி தெரியாது. தன் முதுகில் விழும்போதுதான் தெரியும். அப்போது உதவிக்கு ஆள் இருக்காது.

ஆகவே, ரேஷன் கார்டும் எழுதுவோம், உலகமும் எழுதுவோம். நீங்கள் செய்யவேண்டியது இரண்டு. கணக்கெடுப்புத் தாள் வாசலுக்கு வந்தால் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். புரியாவிட்டால் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள். தமிழ் பேசுகிற, படிக்கத் தெரியாத பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பத்திரிகையை நீங்கள் உரக்கப் படியுங்கள், அது கேட்கட்டும். ஒரு வருஷத்தில் அது படிக்கும், நீங்கள் கேட்பீர்கள்.