சருகுத் தீ

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004-இல் வெளிவந்தபோது நம்மில் பலருக்குச் சோளகர் என்னும் பெயரே புதிது. வீரப்பன் தேடுதல் வேட்டையின் பெயரால் அம்மக்கள் பட்ட வதைகளை அந்நாவலின் வழி அறிந்தோம், துயருற்றோம். ஆயினும் சோளகர் என்றால் வதைபட்டோர் என்ற அளவிலேயே நம் வாசிப்பு நின்றுவிட்டதோ என்ற ஐயம் நமக்குண்டு. காட்டை அறிந்தவர்கள் என்ற முறையில் அவர்களிடம் நாம் எதையும் கேட்டுக்கொள்ளவில்லை.

சத்தியமங்கலம் காட்டுக்கு வடக்கே, கர்நாடகத்தின் சாமராஜநகர் மாவட்டத்தில், பிலிகிரிரங்கன் மலையிலும் சோளகர் வாழ்கிறார்கள். கோடையின் தொடக்கத்தில், காடு முற்றிலும் காயுமுன், தரையில் சிறு தீ வைப்பது அவர்களது வழக்கமாக இருந்தது. 'தரகு பெங்கி' என்பார்கள். சருகுத் தீ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பெருமரங்களைத் தீண்டாமல் சருகைத் தின்று அடங்கிவிடும் தீ அது. பின்னர் புதுப்புல் தளிர்க்கும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1974-இல் வந்த சரணாலய அறிவிப்பும் அத்தீயைக் குற்றமாக்கின.

தீ நின்றது, உண்ணிச்செடி வந்தது. ஆங்கிலேயர் காலத்தில் அழகுச்செடியாக இந்நாட்டுக்குள் நுழைந்த அது, 1997-இல் அம்மலையில் ஆராயப்பட்ட நிலத்துண்டுகளில் 41 விழுக்காட்டில் இருந்தது. 2008-இல் 81 விழுக்காட்டில். நெல்லிமரங்களில் புல்லுருவி பெருகியதையும் சோளகர் தீத்தடையோடு சேர்த்தே பேசுகிறார்கள். நெல்லியும் தேனும் கல்பாசியும் அவர்களுக்குச் சோறிட்ட பொருட்கள். ஆகவே இது அவர்களுக்கு வெறும் தாவரவியல் அன்று. தீத்தடை ஒன்றே எல்லாவற்றுக்கும் காரணம் என்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் புதராய் மண்டிக் காய்ந்த உண்ணியில் பற்றும் தீ, சருகுத் தீயைப் போல் தரையோடு நிற்பதில்லை, கிளைகளுக்கு ஏறுகிறது.

2011 ஜனவரியில் அக்காடு புலிகள் காப்பகமானது. அதே ஆண்டு அக்டோபரில், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி சோளகர் கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை ஏற்கப்பட்டது. புலிகள் காப்பகம் ஒன்றினுள் இவ்வாறு நேர்ந்தது இந்தியாவில் அதுவே முதன்முறை. அடுத்த சில ஆண்டுகளில் புலிகளின் எண்ணிக்கை ஏறத்தாழ இரட்டிப்பானதைப் பழங்குடி உரிமை அமைப்புகள் சான்றாகக் காட்டின. காட்டத்தான் வேண்டும், எனினும் அந்த வாதத்தில் நமக்கு ஒரு நெருடல் உண்டு. நாளை புலி குறைந்தால் உரிமையும் குறையுமா என்ன? பிறர் வந்து எண்ணிச் சொல்லும் கணக்கைப் பிணையாக வைத்துத் தன் ஊரில் வாழும் நிலை நமக்கு நேர்ந்தால் பொறுப்போமா?

சட்டம் அவர்களுக்குத் தந்தது நெல்லி பொறுக்கும் அனுமதி மட்டுமன்று. காட்டைக் காக்கவும் மேலாளவும் உரிமை தந்திருக்கிறது. மேலாளும் உரிமையை ஏட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு, அதன் முதன்மைக் கருவியைக் குற்றப் பட்டியலிலேயே வைத்திருப்பது என்ன நியாயம்? நூறு ஏக்கரிலேனும், கிராம சபையும் ஆய்வாளரும் கூடியிருந்து, தரகு பெங்கியைச் செய்து பார்க்க விடலாம். தவறினால் தவறு தெரியும்.

தை, மாசியில் வனத்துறையே தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி எரிக்கிறது. அந்த எரிப்புக்கும் தீக்காவலுக்கும் நாள்கூலிக்குச் செல்வோரில் சோளகரும் இருக்கிறார்கள்.