போர்க்காலச் செவிலியர்

மதுரைக்கு மேற்கே வையைக் கரையை அடுத்துள்ள கோச்சடைக்குச் சென்றார் யாவரும் அவ்வூர் அய்யனார் கோயிலை அறிவர். ஊர் உறங்கும் வேளையில் தாம் உறங்காது எல்லையைக் காப்பவர் அய்யனார் என்பது நம் நாட்டுப்புறத்தார் நம்பிக்கை. பரியும் படைக்கலமும் அக்காவலின் அடையாளங்கள். காவல் என்றவுடன் குதிரையும் வாளுமே நம் மனக்கண்முன் வந்து நிற்பதற்கு, இத்தகைய காட்சிகளைச் சிறு பிராயமுதல் கண்டு வளர்ந்ததும் ஒரு காரணம் போலும். ஆயின் இரவெல்லாம் கண்விழித்து உயிர் காக்கும் வேறொரு காவலும் உண்டு. அதனைப் பற்றியே ஈண்டுச் சில கூறப் புகுகின்றோம்.

போர்க்காலத்தில் பெண்டிர் ஆற்றிய தொண்டு என்னும் பொருள்பற்றி நம் மாணவர் சிலர் மேடையிற் பேசக் கேட்டோம். நன்றாகவே பேசினர். ஆனால் பேசினோர் அனைவரும் ஜான்ஸி ராணிப் படையின் துப்பாக்கியைப் புகழ்ந்தனரேயன்றி, அப்படையினர் கையிற் பிடித்த மருந்துப் புட்டியையும் கட்டுத்துணியையும் குறித்து ஒருவரேனும் ஒரு சொல் சொன்னாரில்லை. குறை அவர்களுடையது மட்டுமன்று. அவர்களுக்குக் கற்பித்த நம்முடையதுமாகும்.

அப்படையின் வரலாற்றைச் சற்றே நோக்குவோம். அதன் தலைவி லக்ஷ்மி சுவாமிநாதன் சென்னையிற் பிறந்து, 1938-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றவர். 1940-இல் சிங்கப்பூர் சென்று, நம் நாட்டிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழை மக்களுக்கென மருந்தகம் ஒன்று நடத்தினார். 1942-இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமானபொழுது, காயமுற்ற போர்க்கைதிகளுக்குச் சிகிச்சை செய்தார். துப்பாக்கி அவர் கைக்கு வருமுன்னரே யுத்தம் நோயாளி வடிவில் அவரிடம் வந்துவிட்டது எனலாம். 1943 ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் பெண்கள் படை ஒன்று அமைக்கக் கருதினார். அதன் பொறுப்பை லக்ஷ்மி ஏற்றார். அவ்வாண்டு அக்டோபரில் சிங்கப்பூரிற் பயிற்சி முகாம் தொடங்கிற்று. சேர்ந்தோருள் பெரும்பாலோர் மலாயா நாட்டு இந்தியப் பெண்கள். அவருள்ளும் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள் மிகப் பலர். நம் தென் ஜில்லாக்களிலிருந்து கப்பலேறிச் சென்ற குடும்பங்களின் மக்கள்.

ஏறத்தாழ 200 பேர் செவிலியர் பயிற்சிக்கெனத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அப்பிரிவுக்குச் சாந்த் பீபியின் பெயர் இடப்பட்டது. 1944-இல் படையின் ஒரு பகுதி பர்மாவிலுள்ள மேம்யோ நகரை அடைந்தது. இம்பால் முற்றுகை முறிந்து, மழைக்காலத்தே பின்வாங்கிய வீரர், குண்டு பட்டும், அதனினும் மிகுதியாக மலேரியாவாலும் வயிற்றுக்கடுப்பாலும் பசியாலும் நலிந்தும் வந்து விழுந்தபோது, அவர்களை ஏற்றுப் பேணியவருள் இப்பெண்களும் இருந்தனர். போர்முனையில் நேர்நின்று பொரும் வாய்ப்பு அவர்களுக்கு வாய்க்கவில்லையே எனச் சிலர் ஏதோ குறை சொல்வதுபோற் சொல்வர். அக்காட்டிலிருந்து மீண்ட வீரன் ஒருவனைக் கேட்டிருந்தால், அவன் அதனைக் குறையெனக் கருதியிரான்.

கோலாலம்பூர் ஜானகி தேவர் இளம்பருவத்திலேயே இப்படையிற் சேர்ந்து அதிகாரியாக உயர்ந்தவர். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பாங்காக் நோக்கிப் பின்வாங்கிய பெண்களை நடத்திச் சென்றவருள் அவர் முதன்மையானவர். போர் முடிந்தபின் மலாயாவில் தமிழர் நிலை இரங்கத்தக்கதாயிருந்தது. சயாம் ரயில்பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டு மடிந்தோர் பல்லாயிரவர். காங்கிரஸ் மகாசபை 1946-இல் அனுப்பிய மருத்துவக் குழுவுடன் சேர்ந்து ஜானகி அம்மக்களிடையே பணி செய்தார். அவரைப் பற்றி எழுதுவோர் இப்பகுதியை ஒரு வரியிற் கடந்துவிடுகின்றனர்.

லக்ஷ்மியோ 1945 மே மாதம் பர்மாவிற் கைதாகி, 1946 மார்ச்சில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். 1947-இல் பிரேம் சாகலை மணந்து கான்பூரிற் குடியேறிய பின்னரும் மருத்துவமே அவர்க்குத் தொழிலாயிற்று. 1971-இல் வங்க அகதிகள் கல்கத்தாவில் வந்து குவிந்தபோதும், 1984-இல் போபாலில் நச்சுவாயு பரவியபோதும் அங்கெல்லாம் சென்றார். தொண்ணூறு வயது கடந்தும் நோயாளிகளைப் பார்த்து வந்து, 2012-இல் மறைந்தார். படையில் இருந்தது மூன்றாண்டுக்கும் குறைவு. மருத்துவம் புரிந்தது அறுபதாண்டுக்கும் மேல். எனினும் உலகம் அவர்க்குக் கேப்டன் என்னும் பட்டத்தையே நிலைநிறுத்திற்று. அப்பட்டம் அவர்க்கு உரியதே. ஆனால் டாக்டர் என்பது எங்கே போயிற்று?

இப்பணி நம் முன்னோர் அறியாததன்று. புறநானூற்றின் 281-ஆம் பாட்டில் அரிசில் கிழார் புண்பட்ட வீரன் கிடக்கும் மனையொன்றைக் காட்டுகின்றார். இரவந்தழையும் வேப்பிலையும் மனையிற் செருகி, யாழ் இயம்ப, ஐயவி தூவி, குழலூதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எடுத்து அவனைக் காக்க வருமாறு ஒரு பெண் தன் தோழியை அழைக்கின்றாள். ஐயவிக்குக் கிருமி அஞ்சுமோ என நம் விலங்கியல் மாணவர் நகைத்தல் கூடும், நகைக்கட்டும். காத்தல் என்னும் தொழிலை வாளேந்திய வீரனிடத்தன்றி, அவன் அருகிருந்த பெண்டிரிடத்து வைத்தார் அப்புலவர் என்பதே நாம் கருதத்தக்கது.

மேல்நாட்டிலும் கதை ஒன்றே. 1859 ஜூன் 24-இல் வட இத்தாலியில் ஸோல்பரினோ என்னுமிடத்திற் பெரும்போர் நிகழ்ந்தது. அருகிலுள்ள காஸ்டிலியோனே ஊர்ப் பெண்கள், தேவாலயத்திற் கிடத்தப்பட்ட காயமுற்றோரை, இவன் நம்மவன் இவன் பகைவன் என்று பாராது பேணினர். அங்கு வந்திருந்த ஹென்றி டூனாண்ட் என்னும் ஜெனீவா வணிகர் அதனைக் கண்டு நூலெழுதினார். செஞ்சிலுவைச் சங்கமும் 1864-ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையும் அதன் பயனாக விளைந்தன. 1901-இல் நோபல் பரிசிலும் அவரைத் தேடி வந்தது. தக்கதே. அப்பெண்களுள் எத்தனை பேரின் பெயரை நாம் அறிவோம்?

நம் மனத்தை உறுத்துவது இதுவே. செவிலியரைத் தெய்வம் என்கின்றோம், தாய் என்கின்றோம், தியாகத்தின் திருவுரு என்கின்றோம். இப்புகழ்மொழிகளில் எமக்கு ஐயம் உண்டு. தெய்வம் சம்பளம் கேட்பதில்லை. தாய்க்கு ஓய்வுநேரம் வகுத்தவர் யாருமில்லை. புண்ணைக் கழுவுதலும், குருதிப் பெருக்கை நிறுத்தலும், மருந்தின் அளவறிதலும், நாடியும் வெப்பமும் பார்த்துக் குறித்தலும் பெண்மையின் இரக்கத்தால் தாமே வந்து வாய்ப்பன அல்ல. கற்றுப் பெறும் வித்தைகள். ஆடவரும் கற்கலாம், கற்கவும் வேண்டும். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கியதும், 1946-இல் அங்கே அதற்குப் பட்டப்படிப்பு ஏற்பட்டதும் இது கல்வி என்பதனாலன்றோ? இந்திய இராணுவச் செவிலியர்க்கு 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் அதிகாரிப் பதவி அளித்தது. யுத்தம் நெருக்கிய பின்னரே அரசாங்கத்துக்கு அவ்வறிவு பிறந்ததுபோலும்.

நம்மவர்க்கோ இன்னும் முழுதும் பிறந்தபாடில்லை. மகள் செவிலியர் படிப்பை விரும்பினால் முகம் சுளிக்கும் பெற்றோர் உளர். இரவுப் பணி என்று கேட்டவுடன் பெண் பார்க்க வந்தோர் காப்பியைக் குடித்துவிட்டு எழுந்து போனதையும் கண்டிருக்கின்றோம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்கு வாசலில் நின்று கைதட்டினோம். சில நாளிற்குள், தொற்று வருமென்று அஞ்சிச் செவிலியரை வாடகை வீட்டினின்று வெளியேறச் சொன்னவர்களும் இந்நாட்டில் இருந்தனர்.

கோச்சடையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பர்மா, மலாயாவிலிருந்து மீண்ட குடும்பங்களின் வழிவந்தோர் இருத்தல் கூடும். தகரப் பெட்டியின் அடியில் ஒரு புகைப்படமோ, மடிந்துபோன ஒரு சான்றிதழோ கிடக்கலாம். எந்தக் கொடியின்கீழ்ப் பணி செய்தார் என்பது பற்றிக் கவலையில்லை. மாணவர் விடுமுறையில் முதியோரைக் கேட்டு எழுதி வருவாராயின், அடுத்த மலரிற் சில பக்கங்கள் ஒதுக்குமாறு பத்திரிகைக் குழுவினரை வேண்டுவோம். பெயர், ஊர், பணி செய்த இடம், ஆண்டு ஆகிய நான்கும் இருப்பின் போதும். அடைமொழிகள் வேண்டா.