புழுவுக்கு ஏது காலாண்டு?

சிலந்திப் பட்டு ‘அடுத்த காலாண்டில்’ சந்தைக்கு வந்துவிடும் என்று காத்திருக்கும் பங்குதாரர்களைப் பார்த்தால் எனக்குப் பாதி பரிதாபம், பாதி எரிச்சல். அவர்கள் பங்கு வைத்திருப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து கிரெய்க் பயோகிராஃப்டில்; 2006இல் தொடங்கிய நிறுவனம். சிலந்திகளைக் கூட்டமாக அடைத்து வளர்த்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் சிலந்தியின் மரபணுவைப் பட்டுப்புழுவுக்குள் வைத்தார்கள். அது பலித்தது என்று 2010இல் அறிவிப்பு வந்தது. பிறகு வியட்நாமில் துணை நிறுவனம். காத்திருப்பு மட்டும் தீரவில்லை.

புழுவைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். எறும்பளவில் பொரிந்து, இராப்பகலாக முசுக்கொட்டை இலையைக் கரகரவென்று தின்னும். நாலு முறை தோலுரிக்கும். ஏறக்குறைய 25 நாள் கழித்து, தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கி ஆட்டும். அப்புறம்தான் கூடு கட்டும். ஈர இலை போட்டால் நோய். பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்து காற்றில் வந்தாலே போச்சு. கட்டிய கூட்டையெல்லாம் நூலாக்கிவிடவும் முடியாது. ஒரு பங்கை அந்துப்பூச்சியாக விட்டு முட்டைக்கு வைக்க வேண்டும். வேகமாகப் பெருக்க நினைத்தால் விற்கக் கூடு மிஞ்சாது.

ஆட்டுப்பாலில் சிலந்திப் பட்டுப் புரதம் எடுக்கப் பார்த்து, சந்தையை எட்டாமலே போன கனடாவின் நெக்ஸியா நிறுவனத்தின் கதையும் இந்தப் பங்குதாரர்களுக்குத் தெரியும். (ஆடாவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும்!) ஆனாலும் ‘எப்போது, எப்போது’ என்றே கேட்கிறார்கள். நானாக இருந்தால் தேதியே கேட்கமாட்டேன். போன தடவை எத்தனை கிலோ கூடு, அதில் எத்தனை கிலோ நூல், யார் காசு கொடுத்து வாங்கினார்கள்?