மேற்குச் சன்னலுக்கு என்ன திரை?



தீபாவளி நெருங்கிவிட்டால் நம் வீடுகளில் மூன்று காரியங்கள் தவறாமல் நடக்கும். சுவருக்குச் சாயம், பலகாரத்துக்கு மாவு, சன்னலுக்குப் புதுத் திரைச்சீலை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலோ பக்கத்துப் பாசார் மாலாமிலோ பூவைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, விலை பேசி வாங்கி வருகிறோம். இந்தத் துணி வெயிலைத் தடுக்குமா என்று மட்டும் கேட்பதில்லை.

ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய வீட்டுக்காரருக்குச் செம்பனை ஆலையில் இரவு வேலை. பகலில் தூங்க வேண்டியவர், மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் வியர்வையில் நனைந்து எழுந்து உட்கார்ந்துவிடுகிறாராம். "ஏர்கோன் போடலாம் என்கிறான் மகன். மின் கட்டணத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?" என்று கேட்கிறார். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் மனிதருக்குத் தூக்கம் குறைந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இது அழகுக் குறிப்பு அல்ல, சகோதரிகளே!

முதலில் எந்தச் சன்னல் குற்றவாளி என்று கண்டுபிடியுங்கள். நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. நடுப்பகலில் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு மேல் நிற்கும்; அப்போது கூரையின் தாழ்வாரமே சன்னலைக் காப்பாற்றிவிடும். காலையில் கிழக்கிலும் மாலையில் மேற்கிலும் சாய்ந்து வரும் வெயிலைத் தாழ்வாரம் தடுக்காது. இதில் மேற்கு வெயில்தான் கொடியது. வீடு ஏற்கெனவே சூடேறிய நேரத்தில் அல்லவா அது வருகிறது!

வெயில் கண்ணாடி வழியே சுலபமாக உள்ளே வரும். தரையும் கட்டிலும் சூடாகும். அந்தச் சூடு அதே கண்ணாடி வழியே சுலபமாகத் திரும்பிப் போகாது. வெயிலில் நிறுத்திய காடிக்குள் உட்கார்ந்தவர்களுக்கு இது தெரியும்.

ஆகவே, வெயிலைக் கண்ணாடிக்கு வெளியே தடுப்பதுதான் முதல் வழி. மூங்கில் பிடாயைச் சன்னலுக்கு வெளியே, ஒரு சாண் இடைவெளி விட்டுத் தொங்கவிடுங்கள். இடையில் காற்று ஓடினால் சூடு மேலே போய்விடும். மேற்குச் சன்னலுக்கு வெளியே போடும் மறைப்பு, வெயிலால் உள்ளே வரும் சூட்டை 77 விழுக்காடு வரை குறைக்கும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை சொல்கிறது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் மட்டும் வெளியே எதையும் கட்ட வேண்டாம். காற்றில் அறுந்து விழுந்தால் கீழே நடப்பவர் தலைக்கு ஆபத்து.

அவர்களுக்கு உள்திரைதான் வழி. கருநீலமும் கரும்பச்சையும் பார்க்கக் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெயிலைக் குடித்துச் சூடேறி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். கண்ணாடியைப் பார்க்கும் பக்கம் வெள்ளையாக இருக்க வேண்டும். நடுத்தர நிறத் திரைக்குப் பின்னால் வெள்ளைப் பிளாஸ்டிக் உள்துணி இருந்தால் 33 விழுக்காடு சூடு குறையும் என்பதும் அதே துறையின் கணக்கு. புதிதாக வாங்க வசதி இல்லையா? இருக்கும் திரைக்குப் பின்னால் பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைத் தைத்துவிடுங்கள். அதுவும் ஓரளவு கைகொடுக்கும். சட்டத்தைவிட இரு பக்கமும் அரை அடி அகலமாக இருக்கட்டும்.

அறை சூடான பிறகு திரையை இழுத்துப் பயனில்லை. மேற்குச் சன்னலைப் பன்னிரண்டு மணிக்கே மூடுங்கள். எதிர்ப்பக்கச் சன்னலைத் திறந்து வைத்துக் காத்தாடியைப் போடுங்கள். பொழுது சாய்ந்ததும் எல்லாவற்றையும் திறந்து காற்றை உள்ளே விடுங்கள்.

தகரக் கூரை வீடுகளில் மேலிருந்து இறங்கும் சூடே பெரிது. திரை மட்டும் அதைத் தீர்த்துவிடாது. தூங்கும் அறைக்காவது மேற்பலகை அடியுங்கள்.

இனி மகனுக்குப் பதில். காத்தாடி ஒன்றுக்கு ஏறக்குறைய 70 வாட் போதும். ஒரு குதிரைச்சக்தி ஏர்கோன் முழு வேகத்தில் ஓடும்போது ஏறக்குறைய 800 வாட் இழுக்கும். பத்துக் காத்தாடிகளின் செலவு! முதலில் திரை, பிறகு மேற்பலகை. அதற்கு மேலும் தூக்கம் வரவில்லை என்றால் ஏர்கோன். அப்போதும் வெயில் மறைந்த அறையில் அது குறைவாகவே உழைக்கும்.

இரண்டு எச்சரிக்கை: அடுப்பங்கரைச் சன்னலில் நீளத் திரை வேண்டாம். பிடாயின் கயிறு குழந்தைகளின் கழுத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

லயத்து வீட்டு அஞ்சடியில் நம் பாட்டிமார் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, வெயிலை வெளியிலேயே நிறுத்தினார்கள். பள்ளிக்கூடம் போகாத அவர்கள் செய்ததைத்தான் இன்று படித்தவர்களும் சொல்கிறார்கள்.

கடிதம் எழுதிய சகோதரி, இந்தத் தீபாவளிக்கு உங்கள் வீட்டுக்காரர் அறைக்கு முதல் திரையைத் தையுங்கள். வாசல் சன்னல் அடுத்த மாதச் சம்பளம் வரை காத்திருக்கட்டும்.