உள்ளக வடிவமைப்பு வன்னிக்கும் வேண்டும்

உயர்தரம் முடித்த மாணவி ஒருத்தி உள்ளக வடிவமைப்புப் படிக்கப் போகிறேன் என்றால், "திரைச்சீலை தொங்கவிடவா பட்டம்?" என்று கேட்பவர்கள் எமது ஊர்களில் உண்டு. கொழும்பு மாடி வீடுகளுக்கு நிறமும் விளக்கும் தெரிவு செய்யும் வேலையாகவே அத்துறை இங்கு அறியப்பட்டிருக்கிறது. ஆனால் அதன் தேவை வன்னியில்தான் அதிகம் என்பது என் கருத்து.

போருக்குப் பின் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகளின் பரப்பு ஏறத்தாழ 550 சதுர அடி. அதற்குள் உறக்கம், சமையல், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் நடக்க வேண்டும். முஸ்லிம் வீடென்றால் கிப்லாவை நோக்கித் தொழ ஓரிடம், வுழுச் செய்ய வசதி, விருந்தினர் வந்தால் பெண்களுக்கு மறைவு என்பனவும் வேண்டும். போரில் காலிழந்தவர் வாழும் வீட்டில் சக்கர நாற்காலி நுழைய, வாசலின் திறப்பு ஏறத்தாழ 32 அங்குலமாவது இருக்க வேண்டும். குளியலறைக் கதவை ஒடுக்கமாக வைத்துவிட்டால், அவர் எந்நாளும் பிறர் கையை எதிர்பார்க்க நேரும். சுவர் எழுந்தபின் திருத்துவது பெருஞ்செலவு. தாளில் திருத்த அழிறப்பர் போதும்.

பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தில் 1948 இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண் எம் நாட்டவரான மினட் டி சில்வா. 1950களில் கண்டி வட்டபுளுவ வீட்டுத்திட்டத்தை அவர் வரைந்தபோது, குடியேறவிருந்த குடும்பங்களிடம் வினாக்கொத்துக் கொடுத்துத் தேவைகளைக் கேட்டறிந்தார்.

தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் பட்டம் இப்பழக்கத்தையே முதலில் தர வேண்டும். கணினியில் அழகிய படம் செய்யக் குறுகிய பயிற்சி போதும். வீட்டை அளந்து வரைதல், செலவைக் கணித்தல், மேசனோடும் தச்சரோடும் பேசி வேலையை முடித்தல், குசினியில் நிற்பவளின் சொல்லைக் கேட்டல் ஆகியவற்றுக்கே ஆண்டுகள் தேவை.

ஆகவே தனியார் நிறுவனமொன்றுக்குக் கட்டணம் செலுத்துமுன் கேளுங்கள்: பட்டத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா? கட்டுமான இடத்தில் பயிற்சி உண்டா? மாணவியர் உண்மையான வீடொன்றை அளந்து வரைகிறார்களா? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, வடிவமைப்புப் பட்டங்களுக்குத் தனியான உளச்சார்புப் பரீட்சை உண்டு. அதற்கான அறிவித்தலைத் தவறவிட்டால், நல்ல இஸட் புள்ளி இருந்தும் பயனில்லை. எமது பாடசாலைகள் இதை உயர்தர வகுப்பிலேயே சொல்லித் தர வேண்டும்.

எம் உம்மாமார் நாளின் பெரும்பகுதியை வீட்டுக்குள்ளேயே கழிக்கிறார்கள். அவ்வீட்டை வரைபவர்களில் எம்மில் ஒருத்தியாவது இருக்கட்டும்.