‘சிறுபான்மை அழுத்தம்’: தாம்பரத்தில் ரயில் இறங்கும் சிலருக்கு ஏன் இரட்டைச் சுமை?

அசாமின் சில்காட் டவுனிலிருந்து வரும் நாகான் எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நிற்கும்போது பார்த்திருக்கிறீர்களா? அப்படி வடகிழக்கிலிருந்து வந்து இறங்கும் இளைஞர்கள் பலர் வேளச்சேரி, மேடவாக்கம் பக்கம் சலூனிலும் ஓட்டலிலும் வேலைக்குச் சேர்கிறார்கள். அவர்களிலும் தன்பாலீர்ப்பு கொண்டவர்கள் இருப்பார்கள்தானே? நாம் அதை யோசிப்பதே இல்லை.

‘சிறுபான்மை அழுத்தம்’ என்பது அமெரிக்க ஆய்வாளர் இலான் மேயர் 2003-ல் விரித்து எழுதிய கருத்து. தன்பாலீர்ப்பு நோயல்ல. யார் எப்போது என்ன சொல்வார்களோ என்ற பயம், தன்னை மறைப்பது, ஊர் பேசும் இழிவைத் தானே நம்பத் தொடங்குவது, இவைதான் மனதை அரிக்கின்றன.

இனத்தாலும் சிறுபான்மை என்றால்? ஒன்றும் ஒன்றும் இரண்டு என்று கணக்குப் போட முடியாது. முகத்தைப் பார்த்து "நேபாளியா, சைனாவா?" என்று யாராவது கேட்டால் அம்மாவிடம் போனில் அழலாம், அறைத் தோழிகளோடு திட்டித் தீர்க்கலாம். 2012 ஆகஸ்டில் வதந்தி பரவி சென்னையிலிருந்தும் வடகிழக்கு மக்கள் கிளம்பியபோது கூட்டம் கூட்டமாகத்தான் ரயிலேறினார்கள். ஆனால் காதலிப்பது இன்னொரு பெண்ணை என்றால், அதே அம்மாவிடம், அதே அறையில் வாய் திறக்க முடியாது. அடைக்கலம் தரும் இடத்துக்கே பயப்பட வேண்டும். தனி வீடு பார்க்கலாம் என்றால் புரோக்கர் கேட்பார்: "எந்த ஊரு? ரெண்டு பேரும் சொந்தமா?"

சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கில், நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தானே உளவியலாளரிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு 2021-ல் உத்தரவிட்டார். இவர்களைப் போலீஸ் தொந்தரவு செய்யக் கூடாது, பாலீர்ப்பை ‘மாற்றும்’ சிகிச்சை கூடாது என்றார். அப்படிச் சிகிச்சை தருவது தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது.

நல்லது. ஆனால் அந்தப் பெண்களுக்கு இங்கே நடந்ததைச் சொல்ல மொழி இருந்தது. மிசோ மட்டும் சரளமாக வரும் ஒருவர், இங்குள்ள டாக்டரிடம் எந்த மொழியில் சொல்வார்? கூட வந்த ஊர்க்காரரை மொழிபெயர்க்கச் சொன்னால் அதோடு கதை முடிந்தது, ராத்திரிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

ஊர்க்காரர் அல்லாத குரல் வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416-ல் தமிழ் தவிர அசாமி போன்ற மொழிகளிலும் பேசலாம். எடுப்பவருக்கு 2021 உத்தரவு தெரிந்திருக்க வேண்டும், அது தனி வேலை. முதலில் இந்த எண்ணை அந்த மொழிகளில் எழுதி, தாம்பரம் ஸ்டேஷன் டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் ஒட்டலாமே.