ஓடுதளத்துக்கு யார் கல் சுமந்தது?

சாத்தூரில் திருநெல்வேலி பஸ் ஏறினால் கோவில்பட்டி, இடைசெவல் தாண்டிக் கயத்தாறு வரும். 1799 அக்டோபர் 16இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அவருக்கு சிவாஜி கணேசன் நிலம் வாங்கி எழுப்பிய சிலை இருக்கிறது. அதே ஊரில் இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்றும் கிடக்கிறது. அதைத் தேடி இப்போது ட்ரோனோடு வருகிறார்கள். பின்னணியில் திகில் இசை போட்டு 'மர்ம ஓடுதளம்' என்று தலைப்பு வைக்கிறார்கள்.

என்னய்யா மர்மம்? 1942 மார்ச்சில் ரங்கூன் விழுந்தது. ஏப்ரல் 5 கொழும்பு, 6 விசாகப்பட்டினம், 9 திருகோணமலை என்று வரிசையாகக் குண்டு விழ, சென்னைவாசிகள் மூட்டை கட்டினார்கள். அந்தப் பயத்தில் இந்தியா முழுக்க 200க்கும் மேற்பட்ட விமானத்தளங்களுக்குத் திட்டம் போட்டது வெள்ளை அரசாங்கம். சோழவரம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், கயத்தாறு எல்லாம் அந்த அவசரத்தின் மிச்சம்தான். (சோழவரத்தில் பிற்பாடு கார் பந்தயம் விட்டார்கள். அதற்காவது ஒரு வாழ்வு வந்தது.)

எனக்கு ட்ரோன்காரர்கள் மேல் பெரிய கோபமில்லை. கோபமெல்லாம் "ஆவணம் இல்லை தம்பி" என்று கைவிரிக்கும் வட்டார வரலாற்று அறிஞர்கள் மேல்தான். எந்த ஆவணம் இல்லை? விமானப்படை ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்புகளை லண்டன் கியூவில் அட்டவணை போட்டு வைத்திருக்கிறான். அதில் விமானம் இருக்கும், விமானி இருப்பான். புஞ்சை யாருடையது என்று இருக்காது. இந்தியப் பாதுகாப்பு விதிகளில் 75ஏ என்று ஒன்று உண்டு. போர்த்தேவை என்று சொல்லி யார் நிலத்தையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுத்த நிலங்கள் போர் முடிந்ததும் உடனே திரும்பிவிடவில்லை. அந்த அதிகாரத்தை நீட்டிக்க 1947இல் ஒரு சட்டம், 1952இல் இன்னொரு சட்டம். ஆக, கேள்வி வருவாய்த்துறைக் காகிதத்தில் இருக்கிறது. 'அ' பதிவேட்டைப் புரட்டாமல், பழைய சர்வே எண்ணைக் கேட்காமல் ஆவணம் இல்லை என்று சொல்வது சோம்பேறித்தனம்.

தேடுகிறவர்கள் இன்றைய மாவட்டப் பெயர்களையும் மறந்துவிட வேண்டும். 1942இல் விருதுநகர் மாவட்டமும் கிடையாது, தூத்துக்குடி மாவட்டமும் கிடையாது. சாத்தூர் ராமநாதபுரத்தில், கயத்தாறு திருநெல்வேலியில். 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியம் வேலைகளை ஒழித்தது நல்ல காரியம். ஆனால் தலைமுறை தலைமுறையாக அந்தக் கணக்குகளை வைத்திருந்த வீடுகளில் போய் யார் கேட்டோம்?

கூலிக்கு அந்தக் காகிதமும் உதவாது. அது ஆள் வாயில்தான் இருக்கும். எங்க அப்பத்தா கயத்தாறு பக்கத்துக்காரி. கல்யாணமாகிச் சாத்தூர் வந்தவள். "ஏரப்ளேன் ரோட்டுக்குக் கல்லு செமந்தேன்டா, தலைல சும்மாடு தேஞ்சு போச்சு" என்பாள். பேத்தலாக்கும் என்று காராச்சேவைக் கொறித்துக்கொண்டு செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூலி எவ்வளவு, கங்காணி யாரு, கூட யார் யார் வந்தா, பர்மா அரிசி நின்னு போன வருசம் என்ன தின்னீங்க, ஒண்ணையும் கேட்கல. அவள் போய்ப் பதினொரு வருசமாகிறது.

ஆஸ்திரேலியாக்காரனைப் பார் என்பார்கள். டார்வினுக்குத் தெற்கே ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையோரம் ஸ்ட்ராஸ், லிவிங்ஸ்டன் என்று கைவிட்ட ஓடுதளங்களுக்குப் பெயரோடு பலகை நிற்கிறது. 1942இல் அங்கே செத்துப்போன விமானிகளின் பெயர்கள் அவை. நல்லது. ஆனால் அந்த வட்டாரத்து ராணுவ முகாம்களில் கூலி வேலை பார்த்த பழங்குடிகளின் பெயரில் எத்தனை ஓடுதளம்? அந்தப் பலகையை அப்படியே நகலெடுத்து இங்கே நடுவதற்கு நான் இதை எழுதவில்லை.

1942இல் பத்து வயதாக இருந்தவருக்கு இன்றைக்குத் தொண்ணூறு தாண்டியிருக்கும். கரிசல்காட்டில் இன்னும் சிலர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ட்ரோனை விற்றுவிட்டு ஒரு ரெக்கார்டர் வாங்குங்கள், அதுவும் இந்தக் கோடைக்குள்.

போன மாசம் ஓர் அலுவலகத்தில் பழைய சர்வே எண் கேட்டு மனு கொடுத்தேன். எழுத்தர் நல்ல மனுஷன். கண்ணாடிக்கு மேலே பார்த்து, "அங்க ஒங்களுக்குப் பாத்தியதை ஏதும் உண்டா தம்பி?" என்றார். வாயில் வந்தது "இல்ல சார்"தான். பஸ் சாத்தூர் பாலம் ஏறும்போதுதான் அப்பத்தாவின் சும்மாடு ஞாபகம் வந்தது. திரும்பவும் மனு எழுதிக்கொண்டிருக்கிறேன்.